பேச்சு நின்ற இடம்

எனக்கு வாய் ஓயாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் வாய் ஓய்ந்தால் கடை என்னவாகும்? துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் நாலு வார்த்தை பேசாவிட்டால், வருகிறவர்கள் துணி ரோலை இழுத்துத் தரையில் உருட்டுவார்கள், இஸ்திரிப் பெட்டி அணைக்க ஆளில்லாமல் புகையும், என் தம்பி ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்தபடி நிற்பான். ஆகவே பேசுவேன். ஆனால் யாரையும் புகழ்ந்து பேச மாட்டேன். அந்தப் பழக்கம் எனக்கில்லை. இப்போது சொல்லப்போவது ஒன்றுதான் விதிவிலக்கு. அதுவும் தம்பி பெண்டாட்டியைப் பற்றி என்பதால் நாத்தனாரான நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுடையது ஒட்டுப்போர்வைக் கடை. ஜனங்கள் வீட்டில் துண்டு துண்டாக வெட்டிய துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு பெரிய மேல்துணியாகத் தைத்துக் கொண்டு வருவார்கள். நாங்கள் அதற்கு அடியில் பஞ்சு விரிப்பும், அதற்கும் அடியில் ஒரு முழுத்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டிப் போர்வையாக்கிக் கொடுப்போம். முன்னறையில் துணி விற்பனை. அது என் ராஜ்யம். பின்னறையில் பெரிய மெஷின். அது தம்பி பெண்டாட்டியின் ராஜ்யம். தம்பிக்கு ராஜ்யம் ஏதும் கிடையாது. இரண்டு ராஜ்யத்துக்கும் டீ கொண்டு வருவான்.

அந்த மெஷினுக்கு எங்கள் வீட்டில் ‘பெரியவர்’ என்று பெயர். சுவருக்குச் சுவர் நீளும் ஒரு மேசை, அதன்மேல் தண்டவாளம் போல இரண்டு கம்பிகள், கம்பிகளின் மேல் சக்கரம் வைத்த தையல் தலை. கைப்பிடி இரண்டையும் பிடித்து அதை நகர்த்தினால் போகிற வழியெல்லாம் தைத்துக்கொண்டே போகும். எங்களிடம் வருமுன் வேறு எங்கோ வருஷக்கணக்கில் உழைத்த மெஷின் அது. வயதுக்கேற்ற வியாதி எல்லாம் உண்டு. காலையில் எழுந்ததும் தம்பி கேட்கும் முதல் கேள்வி, “பெரியவர் இன்னிக்கு எப்படி இருக்கார்?” என்பதுதான். கூடப் பிறந்த என்னை ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்லை. பெரியவர் கடைக்கு வந்த வருஷமே தம்பி பெண்டாட்டியும் வீட்டுக்கு வந்தாள். ஆகவே அவள் ‘சின்னவள்’ ஆனாள்.

ஒரு சாமான் பழுதானால் நான் முதலில் திட்டுவேன், பிறகு தட்டுவேன். தம்பி முதலில் தட்டுவான், பிறகு மெக்கானிக்குக்குப் போன் போடுவான். சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சாமானுக்கு எதிரே உட்காருவாள். உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போனவள் மாதிரி பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தால் ஏதாவது ஒரு வழியோடுதான் எழுவாள். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி செத்துப்போயிற்று. ஆள் காத்திருக்கிறார், தையல் ஓரங்கள் படியாமல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவள் சமையலறையிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து வந்து அதன் முதுகால் ஓரங்களை அழுத்தித் தேய்த்துப் படிய வைத்தாள். இன்னொரு முறை பாபினில் நூல் சுற்றும் மோட்டார் நின்றது. தம்பியின் டிரில் மெஷினில் பாபினை மாட்டிச் சுற்றினாள். தம்பி அதைச் சுவரில் ஆணியடிக்கத் தேவையென்று வாங்கி வந்து ஒரு ஓட்டைகூடப் போடாமல் வைத்திருந்தான். அதற்கு அன்றுதான் வாழ்வு வந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் ஒரு கழிவுத்துணியில் ஒரே ஒரு வரி தைப்பாள். அதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டுவாள். பெரியவரின் உடம்பு எப்படி என்று அந்த ஒரு வரியில் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு எல்லா வரியும் ஒரே மாதிரிதான் தெரியும். அதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்த முறை பெரியவர் படுத்தது ஒரு சனிக்கிழமை. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு அசையவில்லை. மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் ‘அடுத்த வாரம்’ என்று சொல்வதால் அவருக்கு நான் வைத்த பெயரும் அடுத்த வாரம்தான். அன்று அதிசயமாக உடனே வந்து, கழற்றி மாட்டிவிட்டு, “எண்ணெய் பத்தலைம்மா. வறண்டு போயிருக்கு. இனிமே எண்ணெய் விஷயத்துல கவனமா இருங்க” என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். அந்த வார்த்தை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது நான் ஒரு அட்டையில், ‘மெஷின் பழுது. இன்று தையல் இல்லை. பொறுத்தருளவும்’ என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. மெஷின் பழுதானதற்கு நான் ஏன் கெஞ்ச வேண்டும்? அந்த வார்த்தையைக் குறுக்கே அடித்துவிட்டுக் கதவில் தொங்கவிட்டேன்.

சற்று நேரத்தில் ஒரு அம்மாள் கதவருகே நின்று, மூக்கு அட்டையில் இடிக்கும் அளவுக்கு முகத்தை நெருக்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து என் அட்டையில் ஏதோ கிறுக்கினார். நான் சும்மா இருப்பேனா? கதவைத் திறந்துகொண்டு போனேன். அடித்த வார்த்தைக்குக் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

“யார் எழுதினது இது?” என்று என்னையே கேட்டார்.

“நான்தான். ஏன், தப்பா இருக்கா?”

“எழுதினது எல்லாம் சரியா இருக்கு. அடிச்சதுதான் தப்பு.”

“அதுக்கு எதுக்குப் புள்ளி?”

“அடிச்சதை அடிக்க வேணாம், அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். அச்சாபீஸ்ல நாங்க போடற குறி. அடியில புள்ளி வெச்சுட்டா அதை அப்புறம் யாரும் தொடக் கூடாது.”

வாழ்நாள் முழுவதும் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவராம் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடியே காலம் போனதாம். எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லாமல் போய்விட்டார்களே! அன்றிலிருந்து எங்களுக்கு அவர் புரூஃப் அம்மா.

பையிலிருந்து அவர் எடுத்து விரித்த மேல்துணியைப் பார்த்ததும் நான்கூடக் குறை தேடாமல் கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாம் வெள்ளைத் துணி. அதில் பொடிப்பொடியாகக் கறுப்பு அச்சு. ஒரு துண்டில் புள்ளி, ஒன்றில் இலை, ஒன்றில் கட்டம். துண்டுகளை வரி வரியாகச் சேர்த்திருந்தார். தள்ளி நின்று பார்த்தால் அச்சடித்த ஒரு பக்கம். சுற்றிலும் ஓரத்துக்குச் சிவப்பு.

“ரொம்ப வருஷமா கொஞ்சம் கொஞ்சமா தைச்சேன்” என்றார். “இப்ப எந்தத் துண்டைப் பார்க்கறேனோ அந்தத் துண்டு மட்டும் தெரியறதில்ல. நடுவுல ஒரு கறை மாதிரி. சுத்தி இருக்கறது தெரியுது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் எப்படி இருக்கும்னு டாக்டரே அடிச்சுச் சொல்லல. அதுக்கு முன்னாடி இது போர்வையா முடிஞ்சு, பகல் வெளிச்சத்துல ஒரு தடவை முழுசா விரிச்சுப் பார்த்துடணும். எனக்கு வேற ஆசை இல்ல.”

சின்னவள் துணியைத் தடவிக்கொண்டே கேட்டாள். “தையல் எப்படிப் போகணும்மா?”

“நேரா. வரிக்கு அடியில கோடு போட்ட மாதிரி.”

“வியாழக்கிழமை பகல்ல வாங்க. விரிச்சு வைக்கறேன்.”

நேர்கோடு என்பது சுலபமில்லை. வளைந்து நெளிந்து போகும் தையலில் சின்னத் தடுமாற்றம் தெரியாது. நேர்கோட்டில் எல்லாமே தெரியும். அதுவும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, பிழை தேடியே பழகிய ஒருவருக்கு.

திங்கட்கிழமை மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் மெஷினின் உருளைகளில் ஏற்றி இழுத்துக் கட்டினாள். புரூஃப் அம்மா வந்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரியவர் சமர்த்தாக ஓடினார். பாதிப் போர்வை ஆகிவிட்டது. வியாழன் எதற்கு, புதன்கிழமையே முடியும் என்று தம்பி டீயோடு வந்து பெருமையடித்தான். என் தம்பி எதைப் பெருமையாகச் சொன்னாலும் அது மறுநாளே கெட்டுப்போகும். பிறந்ததிலிருந்து அவனுக்கு அந்த ராசி.

செவ்வாய்க்கிழமை காலை வரியை வெளிச்சத்தில் பிடித்த சின்னவள், வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். நடுவில் இரண்டு தையல் கொஞ்சம் நீளமாம். போர்வையில் கைவைத்தபோது தெரிந்தது. பொடிப்பொடியாக வந்த தையல் திடீரென்று தவளை மாதிரித் தாவியது. நாலு தாவல், பிறகு ஒழுங்கு, மறுபடி தாவல். பிரித்தாள், தைத்தாள், பிரித்தாள், தைத்தாள். கடைசியில் கையை எடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்தாள்.

நம் கை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்து அதற்கேற்ப ஊசியை ஓட்டும் ஒரு கருவி பெரியவரிடம் உண்டு. கை வேகமாகப் போனால் ஊசியும் வேகமாக இறங்கும், மெதுவாகப் போனால் மெதுவாக. அதனால்தான் தையல் எல்லாம் ஒரே அளவாக வருகிறது. அந்தக் கருவி போய்விட்டது என்றார், வந்து பார்த்த அடுத்த வாரம். புதிது எப்போது வரும் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பெயரிலேயே பதில் இருக்கிறது.

தம்பி வேறொரு கடைக்குப் போன் செய்தான். பாதி தைத்ததை இறக்கி இன்னொரு மெஷினில் ஏற்றினால் கோடு சேராது, நாங்கள் தொட மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எல்லாவற்றையும் புரூஃப் அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

“பரவாயில்லம்மா. பாதி பார்த்துட்டேன்ல. மீதியை மனசுல தைச்சுக்கறேன்” என்றார்.

போகும்போது வாசல்படி எங்கே என்று காலால் தேடினார். கதவு நிலையைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திங்கட்கிழமை அவர் அப்படி இறங்கவில்லை. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்தேன்.

மதியம் வரைக்கும் சின்னவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. பிறகு பெரியவரின் பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் கருவியை அணைத்தாள்.

“என்னடி பண்றே?”

“இனிமே மோட்டார் ஒரே வேகத்துலதான் ஓடும் அண்ணி. கை எப்படிப் போனாலும் ஊசிக்குக் கவலையில்ல. அதனால கைதான் ஒரே வேகத்துல போகணும்.”

கேட்பதற்குச் சுலபம். கை ஒரு நொடி தயங்கினால் தையல் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு நொடி துடித்தால் தாவிவிடும். சுவருக்குச் சுவர், ஒவ்வொரு வரியும், மூச்சு மாறாமல் போக வேண்டும். மனுஷக் கை என்ன கடிகாரமா? “நடக்கிற காரியமா இது?” என்றேன். அவள் மேசையின் ஓரத்தில் கழிவுத்துணியைப் பிடித்துக் கட்டி ஓட்ட ஆரம்பித்தாள். முதல் வரி கோழி கிளறின மாதிரி இருந்தது. பத்தாவது வரியும் அப்படியேதான். மனசுக்குள் எண்ணிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். எண்ணும்போதே அவசரம் வந்துவிடுகிறது என்றாள். பாட்டுப் போட்டுப் பார்த்தாள். பாட்டு ஏறும்போது கையும் ஏறிற்று.

நான் முன்னறைக்கு வந்து துணி மடித்தபடி அடுத்த வாரத்தைத் திட்ட ஆரம்பித்தேன். எனக்கு இருந்த எரிச்சலுக்கு அதுவாவது செய்ய வேண்டாமா? அந்த மனுஷன் எப்போது பெட்டியைத் திறந்தாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிறதே, அது எப்படி, அவர் கல்யாணம்கூட அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளித்தான் நடந்திருக்கும், இப்படியே போய்க்கொண்டிருந்தேன். ஒருவர் துணி கேட்டு வந்ததும் நிறுத்தினேன். பின்னறையிலிருந்து சத்தம் வந்தது.

“அண்ணி! நிறுத்தாதீங்க!”

“உன்னை ஒண்ணும் சொல்லலடி. அந்த மெக்கானிக்கைத்தான்...”

“யாரையாவது சொல்லுங்க. ஆனா பேசிட்டே இருங்க. நீங்க திட்டறப்ப கை சரியாப் போகுது.”

போய்ப் பார்த்தேன். கழிவுத்துணியில் ஒரு வரி, முக்கால் நீளத்துக்கு, பொடிப்பொடியாக, சீராக. நான் பேச்சை நிறுத்திய இடத்தில் கோணிக்கொண்டு நின்றிருந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது. “உங்க பேச்சு ஏறாது, இறங்காது அண்ணி. ஒரே மாதிரி போகும்” என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை முழுவதும் கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். நான் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திட்டினேன். அடுத்த வாரம் தீர்ந்ததும் எதிர்க்கடைக்காரரைத் திட்டினேன். பிறகு தம்பியின் மீசை, அவன் சின்ன வயதில் ஒளித்து வைத்துத் தின்றது, என் சித்தப்பா மகன் கல்யாணத்தில் எனக்கு நடந்த அவமரியாதை, வாங்கிப் போய்த் திருப்பித் தராத பாத்திரங்கள். சின்னவள் கைப்பிடியைப் பிடித்தபடி வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிந்ததும் தலையாட்டுவாள், நான் தண்ணீர் குடிப்பேன், மறுபடி ஆரம்பிப்போம். கையால் மட்டும் அவள் தைக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்து, இடுப்போடும் தோளோடும் மொத்த உடம்பும் சேர்ந்து நகர்ந்தது. தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, டீயை வைக்காமலே திரும்பிப் போனான். புரூஃப் அம்மாவுக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வரச் சொன்னது அவன்தான். அவன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரு காரியம்.

வியாழக்கிழமை காலை மிச்சமிருந்தது கொஞ்சம்தான். கடைசிக்கு முந்தின வரி. நான் எங்கள் பழைய வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே அவளைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள், கொப்புளத்துக்காக. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் ஊசியை விட்டு அகலவில்லை. சொந்தமில்லை, பந்தமில்லை, சனிக்கிழமை வரை முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்காக இவள் இப்படி உருகுகிறாளே என்று தோன்றியது. இவ்வளவு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவள் எப்பேர்ப்பட்டவள் என்று நான் ஒரு நாள்கூட முழுசாகப் பார்க்கவில்லையே என்றும் தோன்றியது. பேச்சு நின்றுவிட்டது.

ஊசி நிற்கவில்லை. ஒரு கை அகலத்துக்குத் தையல் குவிந்து, பிறகு தாவியது.

“அண்ணி!”

நான் செருமிக்கொண்டு வீட்டுக்காரரை மறுபடி பிடித்தேன். அவள் கையும் வழிக்கு வந்தது. வரி முடிந்ததும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். “இப்பப் பிரிச்சா நேரமாயிடும். முடிச்சுட்டுப் பார்ப்போம்” என்றாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போர்வை முடிந்து, ஓரம் மடித்து, கீழே இறங்கியது. பெரியவரை மூடி வைப்பதற்குமுன் துடைக்கலாமென்று தம்பி ஒரு வெள்ளைத் துணியோடு பின்பக்கக் கம்பிக்குப் போனான். சுவர் பக்கம் இருக்கும் கம்பி அது. யார் கண்ணிலும் படாது. துடைத்த துணியைத் தூக்கிக் காட்டினான். எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புரூஃப் அம்மாவும் உள்ளே வந்தார்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். கம்பியின் மேல் உருளும் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்று. அது உருளுவதை வைத்துத்தான் கை நகர்வது அந்தக் கருவிக்குத் தெரியும். அந்தச் சக்கரம் எண்ணெயில் குளித்து, உருளாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. கருவிக்கு ஒரு கேடும் இல்லை.

“யார் இங்க எண்ணெய் போட்டது?” என்றாள்.

தம்பி மீசையைத் தடவினான். “கவனமா இருக்கச் சொன்னாரேன்னு... காலையில ஒரு சொட்டு. சாயங்காலம் ஒரு சொட்டு.”

அடுத்த வாரத்துக்குப் போன் போட்டோம். “போகும்போது சும்மா ரெண்டு சொட்டு விட்டுட்டுத்தான் போனேன். செவ்வாய்க்கிழமையும் விட்டேன்” என்றார் பெருமையாக.

புரூஃப் அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நானும்தான்” என்றார். “நீங்க டீ குடிக்கப் போனப்ப அது முனகற மாதிரி இருந்துச்சு. பாட்டில் பக்கத்துலயே இருந்துச்சா... பாவமா இருந்துச்சு.”

எண்ணெய் போடாத ஒரே ஆள் நான்தான். எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று நான் அதைச் சொல்லவில்லை. தம்பி பக்கம் திரும்பினேன். அதற்குள் சின்னவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாள் உடம்பை முறித்துக்கொண்டவள், அது தேவையே இல்லாமல் போயிற்று என்று தெரிந்த இடத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்காயிருந்தால் நாலு நாளைக்குச் சோறு இறங்கியிருக்காது. சக்கரத்தைத் துடைத்து, கருவியைப் போட்டு, கழிவுத்துணியில் ஒரு வரி ஓட்டினாள். பெரியவர் ஒன்றுமே நடக்காத மாதிரி சீராகத் தைத்துக் கொடுத்தார்.

“என்னம்மா, பார்க்கலாமா?” என்றாள்.

வாசல் கதவை அகலத் திறந்தோம். பகல் வெயில் உள்ளே வந்தது. நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினோம். புரூஃப் அம்மா தெருவோரம் வரை பின்னால் போய் நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, பிறகு மறுபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். தெருவில் போனவர்கள் சிலர் நின்றார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரியாது. என் கை மரத்துவிட்டது. நான் முனகக்கூட இல்லை.

பிறகு கிட்டே வந்தார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, விரலைத் துணிமேல் வைக்காமல் காற்றிலேயே நகர்த்திக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். புரூஃப் பார்க்கிறார் என்று புரிந்தது. கடைசிக்கு முந்தின வரிக்கு வந்தார். குவிந்து தாவிய அந்த இடத்தின்மேல் விரல் போனது. நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டது. கடைசி வரியும் முடிந்தது.

“தப்பே இல்லையே” என்றார்.

அதைச் சொன்ன முகத்தில் சந்தோஷம் இல்லை. பிழையே இல்லாத பக்கம் ஒன்று அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. தன் கண் எங்கே வந்து நிற்கிறது என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. தம்பி என்னைப் பார்த்தான். ஆமாம்மா, தப்பே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. நல்ல மனசுள்ள யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சின்னவள் அப்படிச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து, விரலை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“இருக்கும்மா. இங்க இருக்கு. அண்ணி பேசப் பேசத்தான் நான் கையை ஓட்டினேன். இங்க அவங்க பேச்சு நின்னுடுச்சு. என் கை தடுமாறிடுச்சு.”

விரல் அந்த இடத்தைத் தடவியது. குவிந்த தையலில் ஏறி, தாவல்களில் இறங்கியது. திரும்பிப் போய் மறுபடி தடவியது. புரூஃப் அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

“ஆமா. இருக்கு” என்றார். “இங்கேர்ந்து இது வரைக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயா பேச்சை நிறுத்தினே? ஏன்?”

இரண்டு நாளாக ஊரையே திட்டிய வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். சின்னவளைப் பார்த்தேன். அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது முழுக்க என் பக்கம்தான் இருந்தது.

“இவளைப் பார்த்துட்டேன். அதான்” என்றேன்.

சின்னவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, “இப்பத்தான் பெரியவர் சரியாயிட்டாரே. அந்த இடத்தை மட்டும் பிரிச்சு ஒழுங்காத் தைச்சுத் தரேன்மா. கொஞ்ச நேரந்தான்” என்றாள்.

“சிவப்பு நூல் இருக்கா?” என்றார் புரூஃப் அம்மா. “ஊசியில கோத்துக் குடு.”

கோத்துக் கொடுத்தாள். போர்வையை வெட்டும் மேசைமேல் விரித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கை விரலால் அந்தத் தடுமாற்றம் தொடங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே அதற்கு நேர் கீழே ஊசியை இறக்கி ஏற்றினார். என் அட்டையில் வைத்த மாதிரியே ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று தேடினார். ஊசி கோட்டை விட்டு விலகிப் போனது.

“ஏம்மா, சும்மா நிக்கறியே” என்றார் என்னிடம். “பேசு. எனக்கும் கை நேரா போகட்டும்.”

நான் எண்ணெயிலிருந்து ஆரம்பித்தேன்.